தாங்கிய இறக்கை

விமான இறக்கையின் உடைந்த உத்திரத்தைப் பட்டறை மேசைமேல் வைத்தபோது தச்சர் முதலில் பார்த்தது பசை போட்ட இடங்களைத்தான். ஒன்றுகூட விட்டிருக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர் அதைக் கவனித்தார். ஒல்லியான மனிதர். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார்.

"பசையைத் தேடாதீங்க ஐயா. பசை நல்லா இருக்கு. மரம்தான் பிஞ்சிருக்கு, ஒட்டு பிரியலை. உடைஞ்ச விமானம் பாக்கறதுதான் என் பொழப்பு. இப்படி ஒரு ஒட்டு நான் பாத்ததில்ல."

தச்சர் தலையாட்டினார். வேறு யாரையோ பாராட்டுவதுபோல அவருக்கு இருந்தது.

கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. பட்டறையில் பாதி இடம் காலி. விமானம் நின்ற இடத்தில் வெறும் சிமெண்டுத் தரையும் வார்னிஷ் சொட்டுகளும் மட்டும் இருந்தன. சுவரோரமாகச் செய்து முடிக்காத கதவுகள் சாய்ந்திருந்தன. ஒரு மாதமாக அவர் அவற்றைத் தொடவில்லை.

அவர் கதவும் ஜன்னலும் மாடிப்படியும் செய்கிறவர். விமான ஆசை மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளை தபால் வண்டி ஓட்டினார். விடுமுறை நாட்களில் ஊருக்கு வெளியே இருந்த கிளப்பில் பறக்கக் கற்றுக்கொண்டார். கல்யாணமான மறுவருடம் ஒரு சுருள் வரைபடத்தோடு வந்து நின்றார். "மாமா, இதுவும் மரம்தான். நீங்க ஜன்னல் சட்டத்தை இவ்வளவு நேரா இழைக்கறீங்க, இதை இழைக்க மாட்டீங்களா?" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டோடு இருந்த மாப்பிள்ளை. மாமனாரும் மாப்பிள்ளையும் வீட்டில் பேசியதைவிடப் பட்டறையில் பேசியது அதிகம். இறக்கை நெடுக ஓடும் பெரிய கட்டைக்கு உத்திரம் என்று பேர் வைத்தது தச்சர். குறுக்கே வரும் சட்டங்களுக்கு விலா என்று பேர் வைத்தது மாப்பிள்ளை.

"இங்க பாருங்க," என்றார் விசாரணைக்காரர். உத்திரத்தின் மேல்முகத்தில் ஓரிடத்தைக் காட்டினார். வார்னிஷைச் சுரண்டியிருந்தார். மரத்தின் ரேகைகளுக்குக் குறுக்கே மயிரிழைபோல ஒரு கோடு. பக்கத்திலேயே இன்னொன்று. "நகத்தை ஓட்டிப் பாருங்க."

தச்சர் நகத்தை ஓட்டினார். தட்டியது.

"உடைஞ்சப்ப வந்தது இல்லையா சார்?"

"இல்ல. உடைஞ்ச வாய் புதுசா இருக்கு. இது பழசு. இதுக்குள்ள அழுக்கு ஏறியிருக்கு." அவர் மேசையில் கிடந்த விளக்குமாற்றுக் குச்சிகளில் ஒரு பிடி எடுத்து இரண்டு முனையையும் உள்நோக்கி அமுக்கினார். நடுவில் குச்சிகள் மடங்கின. "மரம்னா இப்படி ஒரு கட்டு குச்சிதான். இழுத்தா நல்லா தாங்கும். அமுக்கினா, அளவுக்கு மேல போனா, உள்ளுக்குள்ள மடங்கிடும். வெளியே ஒண்ணும் தெரியாது. மேலே வார்னிஷ், அதுக்கு மேல துணி. யாருக்குத் தெரியும்?"

அவர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"பறக்கறதுக்கு முன்னாடி எடை ஏத்திப் பாத்தீங்களா?"

"பாத்தோம். பாத்தேன். றெக்கையைத் தலைகீழா கவுத்து, தாங்கி மேல வெச்சு, மூட்டை அடுக்கினேன். வரைபடத்துல அப்படித்தான் இருக்கு."

"எவ்வளவு ஏத்தினீங்க?"

தச்சர் சொன்னார்.

விசாரணைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"வரைபடத்துல எல்லை எடைன்னு ஒண்ணு போட்டிருக்குமே. வானத்துல அதிகபட்சம் அவ்வளவுதான் படலாம். அதோட நிறுத்தச் சொல்லியிருக்குமே."

"இருந்தது."

"நீங்க அதுல ஒண்ணரை மடங்கு போயிருக்கீங்க. ஒண்ணரைக்கும் மேலேயே."

"தாங்குச்சு சார்."

"தாங்கும். ஒண்ணரை வரைக்கும் உடையாம நிக்கத்தான் கணக்குப் போட்டிருக்கான். உடையாம நிக்கறது வேற, கெடாம நிக்கறது வேற. எல்லை வரைக்கும் ஏத்திப் பாத்த றெக்கையில பறக்கலாம். ஒண்ணரை மடங்கு ஏத்திப் பாத்ததை விறகாக்கிடணும். ஃபேக்டரிக்காரன் அதுக்குன்னே ஒண்ணு தனியா செஞ்சு உடைச்சுப் பாப்பான்."

தச்சர் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஏணி செய்தால் இரண்டு ஆட்களை ஒரே படியில் ஏற்றுவார். கதவு மாட்டினால் வீட்டுக்காரர் முன்னால் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக் காட்டுவார். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். இன்றைக்கு இரண்டு ஆளைத் தாங்குவது என்றைக்கும் ஒரு ஆளைத் தாங்கும். அப்படித்தான் அவர் பிழைத்திருந்தார். நிறுத்தச் சொன்ன வரியை அவரும் படித்தார். உடைந்தால் நஷ்டம் என்று பயப்படுகிறவன் எழுதிய வரி என்று நினைத்தார்.

"இறக்கினப்ப றெக்கை பழையபடி நேரா வந்துச்சா?"

"நுனியில ஒரு விரக்கடை தாழ்ந்து இருந்துச்சு. மழை நேரம். தாங்கி மண்ணுல இறங்கிடுச்சுன்னு நெனச்சு, அடியில பலகை கொடுத்து நிமித்தினேன்."

"ஓ," என்றார் விசாரணைக்காரர். பிறகு மெதுவாக, "உங்க மாப்பிள்ளை ஒண்ணும் தப்பு பண்ணலை ஐயா. ஒரு திருப்பம். கொஞ்சம் சாச்சுத் திரும்பியிருக்காரு. எந்த விமானமும் தாங்கற திருப்பம். நல்ல றெக்கையா இருந்தா அவரு இறங்கி வந்து டீ குடிச்சிருப்பாரு."

மழை வலுத்தது. பேச்சுக் கேட்க விசாரணைக்காரர் பக்கத்தில் வர வேண்டியிருந்தது.

"சோதனை அன்னிக்கு யாரெல்லாம் இருந்தாங்க?"

"நான்தான் ஏத்தினேன்," என்றார் தச்சர். "எல்லா மூட்டையும் நான்தான் ஏத்தினேன்."

"என் அறிக்கை வர ரொம்ப நாளாகும். வந்தாலும் முன்பே இருந்த சேதம்னுதான் இருக்கும். யாரு என்னன்னு இருக்காது. உங்க பொண்ணுகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் சார். நான் சொல்லிக்கறேன்."

விசாரணைக்காரர் உத்திரத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் போனார்.

தச்சர் உட்கார்ந்தார். அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. மழை விட்டிருந்த ஒரு ஞாயிறு. கவிழ்த்து வைத்த இறக்கை, பின்கட்டில், தாங்கிகளின்மேல். மகள் மாட்டுத்தீவன கோடவுனில் எடை போடுகிற வேலை பார்த்தாள். அங்கிருந்து சாக்குகளைக் கொண்டுவந்து மணல் நிரப்பி, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துக் கட்டினாள். அவள் கட்டிய மூட்டையில் ஒரு கைப்பிடி கூடாது, குறையாது. எதிர்வீட்டு டெய்லர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தச்சரே, இது பறக்குமோ பறக்காதோ, நல்ல கட்டிலாகும்," என்றார்.

"உங்களுக்குப் போட்டுத் தரேன், வந்து படுங்க," என்றார் மாப்பிள்ளை.

எல்லை எடை வந்ததும் தச்சர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "போதும்."

"போதுமா?" என்றாள் மகள். "ஏம்ப்பா, யாரோ வீட்டுக் கதவுக்கு நீயே தொங்கிக் காட்டற. இதுக்கு மட்டும் சிக்கனமா? மேல ஏறப்போறது என் ஆளுப்பா. இன்னும் போடு."

எல்லாரும் சிரித்தார்கள். தச்சருக்கும் அது சரியென்று பட்டது. இன்னும் ஒரு வரிசை அடுக்கினார்கள். பிறகு இன்னொரு வரிசை.

"இன்னும் ரெண்டு," என்றாள் அவள். அந்த இரண்டையும் யாரிடமும் கொடுக்கவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துத் தூக்கி வந்து வைத்தாள். இரண்டாவதை வைத்தபோது சொடுக்கு எடுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

"தாங்கி," என்றார் தச்சர். குனிந்து தாங்கியைத்தான் பார்த்தார்.

இறக்கை நின்றது. மாப்பிள்ளை கைதட்டினார். அவள் இறக்கையைத் தட்டிக்கொடுத்து, "இனிமே நான் நிம்மதியா தூங்குவேன்," என்றாள்.

*

சமையலறையில் அவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா மேசைக்கு அந்தப் பக்கம். மகன் சாமான்களை எடுத்துப்போக வந்தவர் ஒரு வாரமாக எதையும் எடுக்காமல் இருந்தார்.

"என்ன சொன்னாரு அந்த ஆளு?" என்றாள் மகள், தலை நிமிராமல்.

"இன்னும் பாக்கணுமாம்."

"என்னத்தப் பாக்கறது. நான் பாத்தேன். என்னைக் கேட்டா சொல்லிட்டுப் போறேன்."

"ஏம்மா, மறுபடி அதையே சொல்லாதே," என்றார் சம்பந்தியம்மா.

"சொல்லாம என்ன அத்தை? கிளப் வேலி ஓரமா நிக்கறேன். நேரா வந்து இறங்க வேண்டிய மனுஷன். நான் நிக்கறதைப் பாத்ததும் அப்படியே சாச்சு ஒரு திருப்பு. எதுக்கு? சர்க்கஸா நடக்குது? நான் டிக்கெட் வாங்கிட்டா வந்து நின்னேன்?"

"என் பையன் சைக்கிள்லகூட கையை விட்டு ஓட்டமாட்டான்."

"உங்க முன்னாடி ஓட்டியிருக்கமாட்டாரு."

"அவன் அப்படி இல்லம்மா."

"அப்படித்தான். ஊரே சொல்லுது. தபாலாபீஸ்ல சொல்றாங்க, கிளப்புல சொல்றாங்க. ஆட்டம் காட்டினான், போய்ச் சேந்தான்னு. எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவருக்கு என்னைவிடக் கைதட்டல் பெரிசா போச்சு." கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கப்பா ஆறு வருஷம் இழைச்சு இழைச்சு செஞ்சாரு. மேல நின்னு குதிச்சாக்கூட உடையாதபடி செஞ்சாரு. அதை உடைக்கணும்னா என்ன ஆட்டம் ஆடியிருக்கணும்னு பாருங்க!"

தச்சர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயில் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

"சாப்பிடுப்பா," என்றாள் மகள். அவரிடம் பேசும்போது மட்டும் அவள் குரல் இறங்கியது. "நீ ஏன் இப்படி இளைச்சுப் போற? நீ என்ன பண்ணின?"

அவர் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார்.

மாப்பிள்ளையின் சட்டைகளை அவள் கோடவுன் சுமைகாரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். தோல் ஜாக்கெட்டை டெய்லர் கேட்டார், அதையும் கொடுத்தாள். எதிர்வீட்டு வாசலில் அந்த ஜாக்கெட் நடமாடியது. கல்யாணப் போட்டோவை எடுத்துத் துணி அலமாரிக்கு அடியில் தள்ளியிருந்தாள். அழவில்லை. வேலைக்குப் போனாள், எடை போட்டாள், வந்தாள், சமைத்தாள். செத்தவர்மேல் இருந்த கோபம்தான் அவளை எழுப்பி உட்காரவைத்து, துணி மாற்றி, பஸ் ஏற்றிவிட்டது.

தச்சர் பட்டறைக்குப் போய் ஒரு கதவை மேசையில் ஏற்றினார். இழைத்தார். சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. இழைத்துக்கொண்டே நினைத்தார். உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளைமேல் விழுந்த பழி போகும். அவளுக்குப் புருஷன் திரும்பக் கிடைப்பான். ஆனால் அந்த இரண்டு மூட்டை இருக்கிறது. நான்தான் ஒப்புக்கொண்டேன், நான்தான் தச்சன், எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று எத்தனை சொன்னாலும் அவள் கேட்கமாட்டாள். மார்போடு அணைத்துத் தூக்கி வந்தது அவள் கை. எடைபோட்டே பிழைக்கிறவள். எத்தனை கிலோவில் அவர் செத்தார் என்று கணக்குப் போடுவாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கமாட்டாள்.

சொல்லாமல் விட்டால் செத்தவனைத் தினமும் திட்டுவாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு ரொட்டி தின்ன வேண்டும்.

கதவு இழைத்து இழைத்து அளவைவிட மெலிந்துவிட்டது. எந்தச் சட்டத்துக்கும் இனி அது ஆகாது. சுவரோரம் சாய்த்துவிட்டு அடுத்த பலகையை எடுத்தார். ஏதாவது ஒரு பாரம் யார்மேலாவது இறங்கியே ஆகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தன்மேல் இறங்கினால் தாங்கும் என்று நினைத்தார்.

*

சம்பந்தியம்மா கிளம்பிய அன்று மழை இல்லை. ஒரு பையும் ஒரு தகரப் பெட்டியும் வாசலில் இருந்தன. பெட்டியில் மகனின் புத்தகங்கள். வாடகை வண்டிக்குச் சொல்லியிருந்தது.

அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"சம்பந்தி, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ சின்னவ, கோபத்துல பேசறா. நீங்க அவன்கூடவே நின்னு வேலை பாத்தவரு. என் பையன் ஆட்டம் காட்டிச் செத்தானா?"

"அத்தை, அவரை ஏன் கேக்கறீங்க?"

"நீ சும்மா இரு. நான் அவரைக் கேக்கறேன். போய் ஊர்ல நாலு பேருக்கு நான் பதில் சொல்லணும்."

தச்சர் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"இல்லம்மா," என்றார். "மாப்பிள்ளை மேல தப்பு இல்ல. அது சாதாரண திருப்பம். அந்த ஆபீசர் சொல்லிட்டாரு."

மகள் அவரைப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"உத்திரம் விட்டுப்போச்சு. பசை."

"பசையா?"

"மழைக் காலத்துல ஒட்டினது. ஈரம். காயறதுக்கு முன்னாடி, இறுக்கிப் பிடிச்சிருந்த கிளாம்ப்பை எடுத்துட்டேன். ஒரு கதவு வேலை அவசரம்னு கிளாம்ப் தேவைப்பட்டுச்சு. எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன்."

இப்படி ஒரு வேலையைத் தன் வாழ்நாளில் அவர் செய்ததில்லை. சொல்லும்போது கூசியது. பட்டறையில் யாராவது இப்படிச் செய்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்.

சம்பந்தியம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என் பையன் இல்ல," என்றார். "அப்ப என் பையன் இல்ல." வேறொன்றும் அவருக்குக் காதில் விழவில்லை. முகத்தை மூடிக்கொண்டார்.

மகள் அசையவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம்."

"நான் ஒரு வாரமா அவரைத் திட்டிட்டு இருந்தேன். நீ ரொட்டி தின்னுட்டு இருந்த."

"ஆமா."

"ஒரு கதவுக்காக!"

"ஆமாம்மா."

அவள் உள்ளே போனாள். அலமாரி இழுபடும் சத்தம் கேட்டது. தரையில் எதையோ தேடும் சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் சத்தமில்லை. வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவள் துணிப்பையும் கையில் போட்டோவுமாக வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக அழுதிருந்தாள்.

"அத்தை, நானும் வரேன்."

"வாம்மா," என்றார் சம்பந்தியம்மா.

தச்சர் தகரப் பெட்டியைத் தூக்கப் போனார். அவள் அவருக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள். தன்மேல் இறங்கியதைத் தாங்க முடிகிறது என்றுதான் அந்த நிமிஷம் வரை அவருக்குத் தோன்றியது. இனி அவள் தன்னைத் திட்டுவாள். தன்னை மட்டும்தான் திட்டுவாள். அது போதும்.

வாசற்படியில் அவள் நின்றாள். திரும்பாமல் கேட்டாள்.

"அப்பா. அன்னிக்கு மூட்டை ஏத்தினோமே. பசை விட்டிருந்தா அன்னிக்கே உடைஞ்சிருக்கணுமே?"

"அதுல தெரியாதும்மா," என்றார் அவசரமாக. "அரைகுறையா ஒட்டியிருந்தா அந்த எடைக்குத் தாங்கும். அப்புறம்தான் விடும். அந்த மூட்டையால ஒண்ணும் இல்ல. நீ வெச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அந்த எடைக்குத் தாங்கும்," என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

"ஆமா."

"அப்ப பத்தலை." இப்போது திரும்பினாள். அவரைப் பார்க்கவில்லை. பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். "நீ போதும்னப்பவே எனக்குப் பத்தாதுன்னு தோணுச்சு. அவரு கைதட்டினாருன்னு அதோட விட்டுட்டேன். சாக்கு இன்னும் கிடந்தது. இன்னும் ரெண்டு தூக்கி வெச்சிருந்தா கீழயே உடைஞ்சிருக்கும். மண்ணுல உடைஞ்சு கிடந்திருக்கும். அவரு திட்டிக்கிட்டே வேற செய்ய உக்காந்திருப்பாரு."

"இல்லம்மா. அப்படி இல்ல. நீ வெச்சதே..."

"வெச்சதே?"

வண்டிக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். சம்பந்தியம்மா வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"வெச்சதே என்னப்பா?"

தச்சர் வண்டியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "வண்டி நிக்குது."